வருந்துகிறோம் என்று எழுதியவன்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ட்ரங்க் ரோட்டில் ஒரு சிறு பாலத்தை இடித்துக் கட்டினார்கள். எண்பத்து நாலாக இருக்கலாம், எண்பத்தைந்தாகவும் இருக்கலாம். மாற்றுப்பாதைக்கு நான்கு போர்டு வேண்டும் என்று காண்ட்ராக்டரின் ஆள் எங்கள் கடையில் சொல்லிவிட்டுப் போனார். கடை என்பது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகை. அதை வைத்திருந்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரே அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடும், நான் அண்ணே என்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக, செங்கல் சூளையில், ரயிலில் முறுக்கு விற்பவனாக என்று எங்கெங்கோ இருந்த பிறகு நான் அவரிடம் வந்து சேர்ந்திருந்தேன். கடைப்பெயர், கோயில் பெயர் மாதிரி அழகாக வரவேண்டியவற்றை அவர் எழுதிக்கொள்வார். ரோட்டுப் போர்டும், இங்கே சிறுநீர் கழிக்காதீர் என்பதும் என் பங்கு.

மஞ்சள் தகரத்தில் கறுப்பு இனாமல். 'சாலைப் பணி நடைபெறுகிறது. இடையூறுக்கு வருந்துகிறோம்.' மூன்றாவது போர்டில் கடைசி வார்த்தைக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது.

"அண்ணே, யாரு வருந்தறது?"

"எவனோ வருந்தறான். நீ கொம்ப நேரா இஸ்து வுடு."

"காண்ட்ராக்டரா?"

"அந்தாளு பொண்டாட்டி போனப்பவே வருந்தல. பாலத்துக்கா வருந்தப் போறான்? ஜல்தியா முடிடா, பெயிண்ட் காயுது."

அந்த வார்த்தையை அதற்கு முன் ஐம்பது தடவையாவது எழுதியிருப்பேன். வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. பிரஷ்ஷைப் பிடித்த நாளிலிருந்து இது எனக்குக் குழப்பமாகவே இருந்தது. பேருந்து நிலையம் என்று எழுதுவேன், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு. மிதிவண்டி நிறுத்துமிடம் என்று எழுதிவிட்டு என் சைக்கிளை அங்கேயே விடுவேன். ஊர் எல்லை வளைவின் ஒரு பக்கம் நல்வரவு, திரும்பிப் போகும் பக்கம் நன்றி மீண்டும் வருக. வீட்டுக்கு வந்தவரிடம் வருக என்று சொன்னால் அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிவிடுவார். ஒரு முறை விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன். விழுப்புரத்தில் நான் தினமும் சாப்பிடும் கடையில், கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிய முதலாளியிடம், "நன்றி" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் கட்சிப்பா நீ?" என்றார். "நல்லாத்தான இருந்த."

அதோடு விட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்த மஞ்சள் தகரத்தின் முன்னால் கை நின்றதற்குக் காரணம் விளையாட்டில்லை. காலையில்தான் என் மாமா வந்துவிட்டுப் போயிருந்தார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. கிளியனூரில் ரைஸ் மில்லில் வேலை. எங்கள் ஊர் கிளியனூரிலிருந்து உள்ளே இரண்டு மைல். மூன்று வருஷமாக அந்த ஊரிலிருந்து என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. அவர் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மருமவனே, தங்கச்சிக்கு வைகாசியில கல்யாணம். மாப்ள மயிலம் பக்கம். நெலம் இருக்குது, போர் செட்டு இருக்குது."

"நல்லதுதான் மாமா."

"பத்திரிக அடிக்கக் குடுக்கணும். உன் தம்பி உன் பேரப் போட மாட்டேங்கறான். உங்கம்மா அழுவுது. தங்கச்சி, பெரியண்ணன் இல்லாம நான் மணையில ஒக்கார மாட்டேன்னு குந்திக்கினு கீது. நடுவுல எனுக்குத்தான் பேஜாரு. நீ ஒரு நட வந்து அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு."

"இன்னா வார்த்த மாமா?"

"இன்னா வார்த்தயா? ஒரு வார்த்ததான். சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

"நீயே சொல்லிக் குடேன்."

மாமா வாயைத் திறந்தார். மூடினார். "உன்னோட ரோதனையா போச்சு. எனுக்கு பஸ்ஸுக்கு டைமாவுது. ஞாயித்துக்கெழம வந்துடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு ஒரு சித்திரை மாதத்தில் அப்பா செத்தார். விடியற்காலையில் மாட்டை அவிழ்க்கப் போனவர் கொட்டகையிலேயே விழுந்துவிட்டார். பத்து மணிக்குள் ஊர் ஆள் ஒருவர் விழுப்புரம் வந்து என்னிடம் சொல்லிவிட்டார். நான் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கிப் பாண்டி பஸ் பிடிக்க வேண்டும். இறங்கினேன். பாண்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. பிறகு செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். திருவண்ணாமலையில் ஒரு லாரி ஷெட்டில் நாற்பது நாள் இருந்தேன்.

ஏன் என்று நானே எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கும் எனக்கும் சண்டை இல்லை. அவர் என்னை அடித்தது உண்டு, எல்லா அப்பாவும் அடித்த அளவுதான். அழுகையும் வரவில்லை அன்றைக்கு. கால் ஏறவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். மூத்தவன் உயிரோடு இருந்து வராமல் போவது குடும்பத்துக்குப் பெரிய அவமானம். என் விஷயத்தில் அதைவிட மோசமாகிவிட்டது. எங்கள் ஊர் மாட்டுத் தரகர் ஒருவர் அன்று திண்டிவனத்தில் நான் நிற்பதைப் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். ஊருக்குப் போய், பெரியவன் வந்துகினு இருக்கான், என் கண்ணால பாத்தேன் என்று சொல்லிவிட்டார். உச்சி வேளைக்குள் எடுக்க வேண்டிய உடம்பை அந்தச் சித்திரை வெயிலில் பொழுது சாயும்வரை வைத்திருந்தார்கள். பங்காளிகள் எடுத்துவிடலாம் என்று சொன்னபோதெல்லாம் என் தம்பி, இருங்க, அண்ணன் வந்துரும் என்று தடுத்திருக்கிறான். கடைசியில் அவன்தான் தலையை மழித்துக்கொண்டு சட்டி தூக்கினான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

நாற்பது நாள் கழித்து நான் போனபோது அவன் வீட்டு வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா உள்ளே அழும் சத்தம் கேட்டது. நான் விழுப்புரம் வந்துவிட்டேன்.

மாமா போன பிறகு இதெல்லாம்தான் தகரத்தில் ஓடியது. நான்காவது போர்டையும் முடித்துக் கையை மண்ணெண்ணெயில் கழுவும்போது பெயிண்டர் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, ஒருத்தங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னா இன்னா சொல்லுவ?"

"சாரின்னுவேன்."

"அது பஸ்ஸுல கால மிதிச்சா சொல்றது. அப்பன் சாவுக்கு வராததுக்கு?"

அவருக்கு என் கதை தெரியும். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"கால்ல வுழுந்துடு. நம்ம பக்கம் அதான் வழக்கம். வுழுந்துட்டா எவனும் பேச முடியாது."

"அவன் சின்னவனாச்சேண்ணே."

"அட, ஆமா இல்ல? சின்னவன் கால்ல வுழக் கூடாது. அவன் ஆயுசு கொறைஞ்சிடும்."

"அப்ப பெரியவன் தப்பு பண்ணா இன்னாதான் வழி?"

"பெரியவன் தப்பு பண்ணக் கூடாது" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் எப்படித் தீரும் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் நான்கு நாள் பேசாமல் இருப்பார்கள். ஐந்தாம் நாள் அம்மா எங்களிடம், உங்கப்பனுக்குப் பசிக்குதான்னு கேளு என்பாள். அப்பா எங்களிடம், பசிக்குதுன்னு சொல்லு என்பார். முடிந்தது. சின்னவர்கள் தப்புச் செய்தால் அடி, அல்லது காலில் விழுவது. மன்னிப்பு என்ற வார்த்தையைச் சினிமாவில் சொல்வார்கள், கோர்ட்டில் சொல்வார்கள், மேடையில் சொல்வார்கள். நான் பத்து வயதிலிருந்து அதைப் படித்து வருகிறேன். ஒரு வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். வருந்துகிறேன். என்னை மன்னித்துவிடு. ஒவ்வொன்றும் வேறு யாருடைய சட்டையோ மாதிரி இருந்தது. பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, மந்திரமா சொல்லிக்கினு வர்ற?"

"ஒன்னுமில்லமா."

"திருவக்கரைக்குப் போறியா? வேண்டுதலா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

கிளியனூரில் இறங்கி நடந்தேன். பங்குனி வெயில். எங்கள் நிலம் ஒன்றே கால் ஏக்கர், ரோட்டிலிருந்தே தெரியும். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிடுங்கிய செடிகளைப் புளியமரத்து நிழலில் குவியலாகப் போட்டு, சுற்றிலும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தம்பி, அம்மா, தங்கச்சி, மாமா, கூலிக்கு வந்த ஒரு பெண். அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவள் வாய்க்கு ஊரில் எல்லோரும் பயப்படுவார்கள்.

"வந்துட்டான்டா" என்றார் மாமா, தம்பியைப் பார்த்து.

தம்பி நிமிரவில்லை. மூன்று வருஷத்தில் அவன் தோள் அகலமாகியிருந்தது. அப்பாவின் முண்டாசுத் துண்டைக் கட்டியிருந்தான். அம்மா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் போய்க் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். மறுபடியும் காட்டினார். மூன்றாவது முறை இருமினார்.

எழுந்தேன். அவன் முன்னால் போய் நின்றேன். அப்போது எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. பஸ்ஸில் சொல்லி வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் இல்லை. வார்த்தை வராததால் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. இரண்டு கையும் அவன் காலைத் தொட்டேவிட்டன.

அவன் நெருப்பை மிதித்தவன் மாதிரி எகிறிக் குதித்தான். கூடை உருண்டது, ஆய்ந்த காயெல்லாம் மண்ணில் கொட்டியது.

"அய்யோ, அய்யோ! பாவி!" என்று அம்மா கத்தினாள். "இருக்கற புள்ளயாவது இருக்கட்டும்டா! இன்னா காரியம் பண்ண!"

தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது: "அப்பனுக்கு நேரத்துக்கு வரல. எனுக்கு நேரம் குறிக்க வந்துட்டியா?"

அம்மா அவன் நின்ற இடத்து மண்ணைக் கைநிறைய அள்ளி அவன் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, துப்பச் சொல்லி, வரப்புக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"நடந்ததற்கு வருந்துகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்."

போர்டில் எப்படி எழுதுவேனோ அப்படியே வந்தது. ஒரு எழுத்தும் குறையவில்லை.

கூலிக்கு வந்த பெண், "இன்னாது இது, ரேடியோவுல நியூஸ் படிக்கறாப்ல கீது?" என்றாள். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று மாமா அந்தப் பெண்ணை அதட்டினார்.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? வூட்டு மனுசன் வூட்டு மனுசன்கிட்ட பேசறாப்லயா கீது? தாசில்தாரு பேசறாப்ல கீது."

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டான்.

"யாரும் இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"எனுக்கு இது வேணாம்" என்றான். கொட்டிய காயை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "அன்னைக்கி டிண்டிவனத்துல எறங்குனியா, இல்லியா?"

"எறங்குனேன்."

"எறங்கி இன்னா பண்ண?"

"நின்னேன்."

"பாண்டி பஸ்ஸு இல்லியா?"

"இருந்துது. ஏறல."

"குடிச்சிக்கினு இருந்தியா?"

"இல்ல."

"கையில காசு இல்லியா?"

"இருந்துது."

"பின்ன ஏன் ஏறல?"

"தெரிலடா."

"பயமா?"

"இருக்கலாம். நெஜமாவே தெரில. கால் வரல."

"எத்தினி பஸ்ஸ வுட்ட?"

"மூணு."

அவன் கை நின்றது. "மூணு" என்று சொல்லிக்கொண்டான். "நானு சைக்கிள எடுத்துக்கினு கிளியனூர் ஸ்டாப்பிங்குல வந்து நின்னுக்கினு இருந்தேன். சாயந்தரமா நானும் மூணு பஸ்ஸுல எறங்கறவங்க காலயே பாத்தேன். மூஞ்சப் பாக்கல. உன் கால் எனுக்குத் தெரியும்ல. நாலாவது பஸ்ஸுக்கு நிக்கல. போயி மொட்ட போட்டுக்கினேன்."

என்னிடம் சொல்ல என்ன இருந்தது? வார்த்தை தெரியாமல் தவித்தது போய், எல்லா வார்த்தையையும் எடுத்துவிட்டால்கூட அடியில் ஒன்றும் இல்லையோ என்று தோன்றியது.

அவன் குவியலைப் பார்த்துக்கொண்டு, "குந்து. காய் நெறைய கெடக்குது" என்றான்.

என்னைத்தான் சொன்னான் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மாமாதான் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். பொழுது இறங்கும்வரை ஆய்ந்தேன். நகக்கண்ணெல்லாம் மண். நடுவில் தங்கச்சி கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். அவன் அம்மாவிடம், "அதுக்கும் ஊத்து" என்றான். அது என்றால் அண்ணன். அம்மா ஊற்றினாள். குடித்தேன்.

மன்னித்துவிட்டானா என்று போகும்போது மாமாவைக் கேட்டேன். "கூழு குடிச்சியா இல்லியா?" என்று அவர் எரிந்து விழுந்தார். குடித்தது உண்மை. ஆனால் கூலிக்கு வந்தவளும்தான் குடித்தாள்.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் அச்சகத்துக்கு வரச் சொல்லி மாமா ஆள் அனுப்பினார். போனபோது தம்பி ஏற்கனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அச்சகக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பழைய பத்திரிகை ஒன்றை மாதிரிக்கு வைத்து, பேர்களை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

"அழைக்கறவங்க யாரு? அப்பா இல்ல, அப்ப பெரிய புள்ளதான?"

"என் பேரப் போடுங்க" என்றான் தம்பி.

"நீங்க பெரியவரா?"

"இல்ல. இதான் பெருசு." என்னைக் காட்டினான். "இதோட பேரு கீழ போடுங்க."

அச்சகக்காரர் பேனாவை நிறுத்தினார். "தம்பி, பெரியவரு இருக்கும்போது சின்னவரு பேரு மேல வந்தா ஜனங்க கேப்பாங்க. நமக்கு இன்னா, சொல்றேன்."

"கேக்கட்டும்."

மாமா ஏதோ சொல்லத் தொடங்கினார். நான், "அப்படியே போடுங்க" என்றேன். தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான்.

அச்சகக்காரர் எழுதியதை எதிரே நின்று தலைகீழாக நான் படித்தேன். மேலே, தங்கள் நல்வரவை விரும்பும் என்று தம்பியின் பேர். அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, அவ்வண்ணமே கோரும் என்று போட்டு என் பேர்.

எத்தனையோ பத்திரிகையில் அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்திருக்கிறேன். கண் அதைத் தாண்டிப் பேருக்குப் போய்விடும். "இதுக்கு இன்னாங்க அர்த்தம்?" என்று கேட்டேன்.

"மேல இருக்கறவரு இன்னா கேக்கறாரோ, அதயேதான் கீழ இருக்கறவரும் கேக்கறாரு. அவ்ளோதான்."

"வாயால எப்படிச் சொல்றது?"

"இத யாருய்யா வாயால சொல்றா? அடிக்கறதோட சரி."

வயலில் நான் குனிந்தபோது அப்படிப் பதறியவன், காகிதத்தில் என்னைக் கீழே வைத்தபோது பதறவில்லை. கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊருக்கு முன்னால் என்னைத் தாழ்த்துகிறானா, அல்லது நான் செய்ய முடியாததை எனக்காக அவனே செய்து முடிக்கிறானா என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டும் ஒன்றுதானோ என்றும் நினைத்தேன். அவனைக் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான்.

பத்திரிகை அடித்து வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒரு கட்டு என்னிடம் கொடுத்தான். "விழுப்புரம் பக்கம் கீறவங்களுக்கு நீ வச்சிடு" என்றான். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, "யாரு வைக்கறதுன்னு கேட்டா வூட்டுலேருந்துன்னு சொல்லு" என்றான்.

விழுப்புரத்தில் முதலில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். அப்பா சாவுக்கு வந்தவள். பொழுது சாயும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி. வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மூன்றாவதுவரைதான் படித்தவள். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தம்போட்டுப் படித்தாள். தங்கச்சி பேர், மாப்பிள்ளை பேர், தம்பி பேர் எல்லாம் தாண்டி, "அவ்... வண்... ணமே... கோ... ரும்" என்று இழுத்து, என் பேரில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இன்னாடா இது, உம் பேருக்கு மேல எதோ போட்டுக்கீது?"

"தம்பி இன்னா கேக்கறானோ அதான் நானும் கேக்கறேன் அத்த. கல்யாணத்துக்கு வந்துடுங்க."

அவள் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அது இருக்கட்டும். உன்னக் கூப்ட்டானா அவன்?"

யோசித்துப் பார்த்தேன். வயலிலிருந்து பஸ் ஜன்னல்வரை அவன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வா என்று எந்த இடத்திலும் அவன் சொல்லவில்லை. அத்தை பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நான் வூட்டு ஆளு அத்த" என்றேன். "என்ன எதுக்குக் கூப்புடணும்?"

சொன்ன பிறகுதான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையா என்று தெரியவில்லை. அவள், "குந்து, காபி போடறேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.